இரண்டு பெயரையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பூப்பந்து வீராங்கனைகளைப் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷமாக வாசித்தேன். ஆனால் இரட்டையர் ஆடும் பெண்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது. நான் இருபத்தாறு வருடம் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் பூப்பந்து பழக்கியவள். இப்போது ஓய்வு, சனிக்கிழமைகளில் மட்டும் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். என்னிடம் பழகியவர்களில் முக்கால்வாசிப் பேர் இரட்டையர்தான் ஆடினார்கள். இருப்பது ஒரு கோர்ட், அதில் நாலு பேர் ஆடலாம் என்பதுதான் முதல் காரணம். அந்த ஒற்றை வரி மனதை உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

இந்தோனேசியாவின் கிரேசியா பொலியைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவரும் மெய்லியானா ஜவ்ஹரியும் சோடி. குழுச் சுற்றில் தோற்றால் அடுத்து இலகுவான ஆட்டம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, சீன, தென்கொரிய, இந்தோனேசிய சோடிகள் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தார்கள். சேர்விஸை வலையிலேயே அடித்தார்கள். நாலு சோடிகள், எட்டுப் பெண்கள், போட்டியிலிருந்து விலக்கப்பட்டார்கள். கிரேசியாவும் அதில் ஒருவர். செய்தது பிழை. அதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். நித்யா கிரிஷிண்டா மகேஸ்வரியோடு சேர்ந்து 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் எடுத்தார். அடுத்த வருடம் உலகப் போட்டியில் வெண்கலம். 2016 ரியோவில் காலிறுதி வரை வந்தார்கள். அப்புறம் நித்யாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அவரால் தொடர்ந்து சேர்ந்து ஆட முடியவில்லை. கிரேசியாவுக்கு முப்பது நெருங்கிவிட்டது, சோடியும் இல்லை. நம்மூரில் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தோனேசியாவில் முடிய விடவில்லை. 2017இல் சுலவேசித் தீவிலிருந்து வந்த அப்ரியானி ரஹாயுவை அவரோடு சேர்த்தார்கள். கிரேசியாவைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். அந்த வருடமே பிரெஞ்சு ஓப்பனை வென்றார்கள். 2021 ஓகஸ்ட் 2ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், போட்டியின் முன்னணிச் சோடிகள் (seed) பட்டியலில் இல்லாத இந்தச் சோடி, சீனாவின் சென் சிங்சென், ஜியா இஃபான் இருவரையும் 21-19, 21-15 என்று வென்றது. மகளிர் இரட்டையரில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. கிரேசியாவின் முப்பத்து நாலாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஆட்டத்தில் ஓர் இடம். சட்டில் (இறகுப் பந்து) பறந்துகொண்டிருக்கும்போதே கிரேசியாவின் ராக்கெட் நரம்பு அறுந்துவிட்டது. ஓரத்துக்கு ஓடிப்போய் வேறு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். அந்த இரண்டு மூன்று விநாடியும் 6.1 மீற்றர் அகலமான கோர்ட்டை அப்ரியானி ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். நான் இதைப் பிள்ளைகளுக்குப் பத்துத் தடவையாவது போட்டுக் காட்டியிருப்பேன். இரட்டையர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு எனக்கு வேறு விளக்கம் சொல்லத் தெரியாது.

இனி என்னிடம் பழகிய ஒரு சோடி. ஒரே தோட்டம், மேல் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருத்தி, கீழ் லயத்தில் ஒருத்தி. ஒருத்தி இடக்கை, மற்றவள் வலக்கை. எங்கள் மண்டபத்தின் கூரை உயரம் போதாது, தூக்கி அடித்தால் சட்டில் கைமரத்தில் பட்டு விழும். அதனால் வலைக்குச் சற்று மேலாக, தட்டையாக, வேகமாக அடித்தே பழகினார்கள். வலைக்கு முன்னால் அவர்களை யாராலும் அசைக்க முடியாது. சட்டில் வாங்கவும் காசு தட்டுப்பாடுதான். இறகு காய்ந்து ஒடியாமல் இருக்க, முதல் நாள் இரவே சட்டில் அடைத்த குழாயைத் திறந்து கொதிக்கும் கேத்தலின் ஆவியில் கொஞ்ச நேரம் பிடித்து வைப்போம். கேத்தல் பிடிப்பது எப்போதும் இடக்கைக்காரியின் வேலை. பதினாறு இறகில் இரண்டு ஒடிந்தாலும் பழகுவதற்கு அதே சட்டில்தான்.

மாகாணத்தில் வென்று கொழும்புக்குப் போனோம். முதல் செட்டில் அடித்ததெல்லாம் பாதி வழியில் விழுந்தது. மலையில் காற்று அடர்த்தி குறைவு, சட்டில் தூரம் போகும். அதற்குப் பயந்து கையை அடக்கி அடித்தே பழகியவர்கள். கீழே கனத்த காற்று. இரண்டாவது செட்டில் பிடித்துக்கொண்டார்கள், மூன்றாவதில் மூன்று புள்ளியில் தோற்றார்கள். கொழும்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ப் பழக வசதி இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மாகாணத்தில் வென்ற செய்தி ஒரு பத்திரிகையில் வந்தது. வலக்கைக்காரியின் பெயர் மட்டும் இருந்தது, பக்கத்தில் "சோடி" என்ற சொல். இரண்டு நாள் கழித்து இடக்கைக்காரியின் அப்பா பாடசாலைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த அந்தத் துண்டை எடுத்து என் மேசையில் விரித்தார். "டீச்சர், நம்ம புள்ள பேரு எங்க டீச்சர்?" கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியும், அதனால் தேடித் தருவேன் என்று நினைத்துக் கேட்டார். அந்தத் துண்டை எத்தனை தரம் புரட்டினாலும் அதில் இல்லை என்று அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் வலக்கைக்காரி கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். வீட்டு நிலைமை அப்படி, அவளைக் குறை சொல்ல மாட்டேன். இடக்கைக்காரி உயர்தரம் படித்தாள். ஒரு கிழமை தனியாக வந்து சுவரில் அடித்துவிட்டுப் போனாள். அடுத்த கிழமை வரவில்லை. கூப்பிட்டு அனுப்பினேன். "யாரோட டீச்சர் ஆடுறது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் சோடி இல்லாமல் இன்னொரு நல்ல பிள்ளை இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் பாடசாலைப் போட்டியில் இரண்டு பேரும் ஒரே பாடசாலையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான், இருவரும் நின்றுவிட்டார்கள்.

எங்கள் பிள்ளைகள் கிரேசியா ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஒரு சோடி போனபோது இன்னொரு சோடியைத் தேடிக் கொடுத்தார்கள். எங்களுக்கு அதைச் செய்ய ஆள் வேண்டும். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் வருடத்துக்கு ஒரு திறந்த மகளிர் இரட்டையர் போட்டி வையுங்கள். பாடசாலை, தோட்டம், வயது என்று பாராமல் யாரும் யாரோடும் சேரலாம் என்று விதி இருக்கட்டும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போன பிள்ளையும் லீவு எடுத்து வந்து ஆடட்டும். இடமும் இருக்கிறது. மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளில் எந்திரம் கழற்றிய கீழ்த்தளம் எத்தனை சும்மா கிடக்கின்றன! கூரை உயரமான ஒன்றைப் பார்த்து, 13.4 மீற்றர் நீளத்துக்குத் தரையைச் சமப்படுத்தி, நாலு விளக்குப் போட்டால் மழை நாளிலும் ஆடலாம். தோட்ட நிர்வாகங்கள் மனது வைத்தால் முடியாத காரியமா?

உங்களிடம் கேட்பது இதைவிடச் சின்ன விஷயம். அடுத்த மாதம் இங்கே வலய மட்டப் போட்டி நடக்கிறது. இரட்டையர் முடிவுகளை அன்று இரவே தெளிவாக எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். ஒவ்வொரு சோடிக்கும் இரண்டு பெயர் இருக்கும். இடம் போதாவிட்டால் புள்ளிக் கணக்கை வெட்டுங்கள், பெயரை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பொகவந்தலாவ.