திரைக்கு முன்னால் நிற்காதீர்கள்: திரைப்பட வட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வட்டத்தாருக்கு வணக்கம்.

கடந்த சனிக்கிழமை மண்டபத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதனால் நேரே கேட்டுவிடுகிறேன். படம் ஓடும்போது திரைக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம், ஒலிவாங்கியில் பேசவும் வேண்டாம்.

சாப்ளினின் ஊமைப்படமான 'சிட்டி லைட்ஸ்' என்றதும் என் பெறாமகளைக் கூட்டிவந்தேன். அவளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. எங்களோடு சரிசமமாக இருந்து அவள் பார்க்கக்கூடிய படம் என்று நினைத்தேன். ஒரு காரின் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டுத்தான் கண் தெரியாத பூக்காரி, சாப்ளின் நடிக்கும் நாடோடியைப் பணக்காரன் என்று நம்புகிறாள். அந்தச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பெறாமகள் என்னை முந்திப் பிடித்துவிட்டாள். என் தொடையில் தட்டிக் கதவு மூடுவதைக் கையால் காட்டிச் சிரித்தாள்.

அப்புறம் கடைசிக் காட்சி. பார்வை திரும்பிய பூக்காரி அவனுடைய கையைத் தொட்டு ஆளை அடையாளம் காண்கிறாள். வசனத்தை எழுத்தில் காட்டும் அட்டை திரையில் வந்த நேரம் பார்த்து உங்கள் விளக்கவுரையாளர் திரைக்குக் குறுக்கே வந்து நின்றார். எழுத்தெல்லாம் அவருடைய சட்டையில் விழுந்தது. "என்ன சொன்னவள்?" என்று பிள்ளை கையால் கேட்டாள். இருட்டில் என் கை அவளுக்குத் தெரியாது. போன் வெளிச்சத்தில் சொல்லப் போனேன். "போனை நிப்பாட்டுங்கோ" என்று பின்வரிசையில் அதட்டினார்கள். அதட்டியவரில் பிழையில்லை. அதற்குள் படம் முடிந்துவிட்டது.

பேசும்படம் வந்து நாலு வருடம் கழித்து, 1931இலும் வசனம் வேண்டாமென்று பிடிவாதமாக நின்றவர் சாப்ளின். இசையையும் தானே அமைத்தார். அதைக் குறைத்துவிட்டுத்தான் நீங்கள் விளக்கம் சொன்னீர்கள். ஜப்பானில் ஊமைப்படங்களுக்குக் கதை சொல்லப் பென்ஷி என்று ஆட்கள் இருந்தார்கள், உண்மைதான். அவர்கள் திரைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

எங்கள் ஊரில் ஒலிவாங்கியைக் கண்டால் கை சும்மா இராது. ஒன்றரை மணிநேரம்கூட ஓடாத படத்துக்கு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. படத்துக்கும் ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கலாம். சதுரத்துக்குக் கிட்டவான படத்தை அகலத் திரை நிறைய இழுத்துவிட்டதில் பாவம், சாப்ளினுக்கும் தொந்தி வைத்துவிட்டது.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். இந்தக் காலத்தில் ஊமைப்படம் காட்ட முன்வந்ததே பெரிய காரியம். அடுத்த மாதம் பஸ்டர் கீட்டனின் 'த ஜெனரல்' என்று அறிவித்திருக்கிறீர்கள். அட்டைகளின் தமிழை அடியில் போட்டால் நல்லது. முடியாவிட்டால் ஒரு தாளில் அச்சடித்து வாசலில் தாருங்கள். மொழிபெயர்ப்பை நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம். விளக்கவுரையைப் படம் முடிந்தபின் எவ்வளவு நேரமும் வைத்துக்கொள்ளுங்கள், இருந்து கேட்கிறோம். படம் ஓடும்போது மட்டும் தயவுசெய்து திரைக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம்.

முன்வரிசையில் எங்களுக்கு இரண்டு இடம் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருத்தி,
யாழ்ப்பாணம்