குலசேகரம் – தக்கலை சாலையில் 5ஜி இணைப்பு அறுபடாமல் இருக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: ஓடும் வண்டியில் டவர் மாறும்போது 5ஜி இணைப்பு துண்டிக்கப்படுவதைச் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குலசேகரத்திலிருந்து தக்கலை வழியாக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு நோயாளிகளைக் கொண்டுபோகிறவன் நான். போன மாதம் ஒரு ராத்திரி, நெஞ்சுவலியோடு ஒரு பெரியவரை ஏற்றினோம். பின்னால் இருந்த நர்ஸ், இசிஜி தாளை வீடியோ காலில் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்து வளைவில் திரும்பினேன். டாக்டரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. எந்த மாத்திரை என்று அவர் சொன்னது பாதிதான் கேட்டது. மறுபடி லைன் கிடைப்பதற்குள் அடுத்த ஜங்ஷன் வந்துவிட்டது.

அங்கே டவர் இல்லாமல் இல்லை. வண்டியை நிறுத்திப் பேசினால் நன்றாகக் கேட்கும். டவர் பராமரிப்பு வேலை பார்க்கும் என் மச்சான்தான் விளக்கினார்: 5ஜியின் 3.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசை வேகமானது, ஆனால் தூரம் போகாது, அடர்ந்த இலை அதைத் தடுத்துவிடும். போன் பக்கத்து டவரின் சிக்னலை அளந்து, இருக்கும் டவருக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு அந்த டவர் இணைப்பைப் பக்கத்து டவருக்குக் கைமாற்றிவிட வேண்டும். வளைவில் சிக்னல் சட்டென்று விழுந்தால் தகவல் போய்ச் சேருமுன்பே இணைப்பு அறுந்துவிடும். ஒவ்வொரு டவருக்கும் அதன் பக்கத்து டவர்களின் பட்டியல் உண்டு; அதில் ஒரு டவர் விடுபட்டிருந்தாலும் இதே கதிதான்.

தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும்போது இந்தத் தொல்லை குறைகிறது. துளிர்த்து மழையும் பிடித்துவிட்டால் பழையபடிதான். ஆகவே தொலைத்தொடர்பு நிறுவனங்களை அழைத்து, ஜூன் மழைக்குப் பிறகு இந்தச் சாலையில் ஓடும் வண்டியிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். இலை உதிர்ந்திருக்கும் காலத்தில் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும்.

பக்கத்து டவர் பட்டியலையும், எந்த அளவுக்கு சிக்னல் குறைந்தால் கைமாற்ற வேண்டும் என்ற அளவுகளையும் அவர்கள் திருத்த வேண்டும். உயர் அலைவரிசை விழுந்தாலும் பேச்சு அறாமல் இருக்க, அதைவிடத் தூரம் போகும் 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை இந்த வழி முழுக்கக் கிடைக்க வேண்டும். அப்புறம், வளைவுகளில் தெருவிளக்குக் கம்பங்களில் சிறு செல் கருவி (கொஞ்ச தூரத்துக்கு மட்டும் சிக்னல் தரும் குட்டி டவர்) பொருத்த உள்ளாட்சி அனுமதி தாமதமில்லாமல் கிடைக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

சோதனைக்கு வண்டி வேண்டுமென்றால் என் வண்டியையே கொண்டுவருகிறேன். லைன் போகும் வளைவு ஒவ்வொன்றையும் நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆம்புலன்ஸ் ஓட்டுநர்

இடம்: குலசேகரம்