கடைசிப் பத்து நிமிடத்தை எங்களுக்கு விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஓடிடி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். விளம்பரத்தோடு வரும் மலிவுச் சந்தாவை எங்களுக்கு விற்றது நீங்கள்தான். சேர்ந்து கொரிய நாடகம் பார்க்கும் எங்கள் குழுவிலிருந்து விளம்பரங்களைப் பற்றிப் போன புகார்களும் உங்களிடம்தான் இருக்கின்றன. எனவே பழைய கதையைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து சொல்லப் போவதில்லை. சென்ற சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று 'கோப்ளின்' பதின்மூன்றாம் பகுதி. கொரிய நாடகம் பார்க்கிறவர்களிடம் இந்தப் பெயரையும் எண்ணையும் சொன்னாலே முகம் மாறிவிடும். உங்கள் அலுவலகத்தில் பார்க்காதவர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாயகன் கிம் ஷின், கொரியாவைக் கொரியோ என்கிற அரச வம்சம் ஆண்ட காலத்துத் தளபதி. தன் அரசனாலேயே கொல்லப்பட்டு, நெஞ்சில் வாளோடு தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சாகாமல் அலைகிறவர். அவர் மனம் வாடினால் ஊரில் மழை பெய்யும். அந்த வாளைப் பிடுங்கக்கூடியவள் உன்-டக் என்கிற பள்ளிப் பெண் ஒருத்திதான். பிடுங்கினால் அவர் இல்லாமல் போவார். பன்னிரண்டு பகுதிகளாக நாம் பயந்துகொண்டிருந்தது பதின்மூன்றில், ஒரு மொட்டை மாடியில் நடக்கிறது. அவளைக் காப்பாற்ற அவள் கையைப் பிடித்தே வாளை உருவுகிறார். அப்புறம் அவள் கண்முன்னே கரைந்து போகிறார். உன்-டக்காக நடித்த கிம் கோ-உன் அந்த இடத்தில் அழுகிற அழுகை நடிப்பு மாதிரியே இருக்காது.

நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். கோவை, திருநெல்வேலி, சிவகாசி, துபாய். எல்லோரும் வாட்ஸ்அப் குழு அழைப்பில் வந்து, "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணி ஒரே நொடியில் ப்ளே அழுத்துவோம். படம் டிவியில் ஓடும், பேச்சு காதுக்கருவியில் கேட்கும். இப்படித் தொலைவிலிருந்து சேர்ந்து பார்ப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை தெரியுமா? யாருக்காவது இணையம் கொஞ்சம் தடுமாறினாலும் எல்லோரும் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி எண்ண வேண்டும். இதையெல்லாம் சந்தோஷமாகத்தான் செய்கிறோம். ஒரு காட்சியில் மனம் உடையும்போது பக்கத்தில் இன்னும் நாலு பேர் உடைந்துகொண்டிருப்பது பெரிய ஆறுதல்.

எங்களில் எல்லோரும் முன்பே பார்த்தவர்கள், சிவகாசித் தோழியைத் தவிர. அவளுக்காகத்தான் மொத்தத் தொடரையும் மறுபடி ஆரம்பித்தோம். மொட்டை மாடிக் காட்சி வரும் வரை யாரும் வாய் திறப்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். அவள் முதன்முறையாக அதிர்வதை நாங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

வாள் பாதி வெளியே வந்தபோது நீங்கள் விளம்பரம் போட்டீர்கள். போடட்டும், மலிவுச் சந்தாதானே. ஆனால் எனக்கு இருபது நொடியில் முடிந்தது. துபாய்க்காரருக்கு விளம்பரமே வரவில்லை. சிவகாசித் தோழிக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு, அதற்கடுத்து வீட்டுக் கடன், அதற்கடுத்து மறுபடியும் அதே சோப்பு. துபாய்க்காரர் கதறுவது காதில் விழுகிறது. நான் விம்மத் தொடங்குகிறேன். அவள் மட்டும் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே, "அவர் செத்துட்டாரா? சொல்லுங்க, செத்துட்டாரா?" என்று கேட்கிறாள். நாங்கள் பேசாமல் இருந்ததிலேயே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. எங்கள் அழுகையை வைத்துக் கதையைத் தெரிந்துகொண்டு, அதன்பின் அந்தக் காட்சியைத் தனியாகப் பார்த்தாள்.

அதனால் எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: ஒரு பகுதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் விளம்பரம் வைக்காதீர்கள்.

விளம்பரமே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்தத் தொடர் கொரியாவில் டிவிஎன் என்கிற கேபிள் அலைவரிசையில் வந்தது, அங்கேயும் இடையில் விளம்பரம் உண்டு. பதின்மூன்றாம் பகுதி ஒளிபரப்பானது 2017 ஜனவரி 13, இங்கே நாம் போகி கொண்டாடிய நாள். மறுநாள் பதினான்காவது பகுதியைத் தராமல் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றைப் போட்டு, ஒரு வாரம் காக்க வைத்தார்கள். காத்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்தே காத்திருந்தார்கள். விளம்பரம் வந்தாலும் எல்லோர் வீட்டிலும் ஒரே விளம்பரம்தான், ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிந்தது. அத்தனைக்கும் அது கேபிள் நாடகங்களில் முதன்முறையாக 20 விழுக்காட்டுக்கு மேல் பார்வையாளர் அளவைத் தொட்ட தொடர். விளம்பரம் அதைக் கெடுக்கவில்லை. நீங்கள் ஆளுக்கொரு நீளத்தில் விளம்பரத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான் கெடுக்கிறது.

இடம் பார்த்து விளம்பரம் வைக்க உங்களுக்குத் தெரியாது என்றும் நான் நம்பவில்லை. கிரிக்கெட்டில் ஓவர் முடியும் வரை பொறுமையாக இருக்கிறீர்களே! கடைசிப் பந்துக்கு பும்ரா ஓடி வரும்போது சோப்பு விளம்பரம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், மறுநாள் உங்கள் அலுவலக வாசலில் என்ன நடக்கிறதென்று. நாடகம் பார்த்து அழுகிறவர்கள் வாசலுக்கு வரமாட்டார்கள் என்ற தைரியம்தானே? புகார் அனுப்பினால் உங்கள் தானியங்கி உதவியாளர் "செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள்" என்கிறது. நிறுவினோம். சோப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவையும் தாண்டிக் காட்சி முடிந்து கண்ணைத் துடைப்பதற்குள் திரையைச் சுருக்கி ஒரு மூலைக்குத் தள்ளி, அடுத்த பகுதிக்கு ஐந்து, நான்கு என்று எண்ண ஆரம்பிக்கிறீர்கள். எங்களுக்கு என்ன அவசரம்? இறுதிப் பாடலைக் கேட்கக் கூட விடாமல் எங்கே துரத்துகிறீர்கள்? சந்தாவை உயர்த்தும்போது மட்டும் "உங்கள் அனுபவத்தை மேம்படுத்த" என்று கடிதம் வருகிறது. யாருடைய அனுபவம் என்று அதில் சொல்வதில்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் விளம்பரம் வைக்காதீர்கள். அந்த விளம்பரங்களை முதல் பத்து நிமிடத்தில் சேர்த்துப் போடுங்கள், உட்கார்ந்து பார்க்கிறோம். அதுவும் உடனே முடியாதென்றால், ஒரே நேரத்தில் ஒரே பகுதியைப் பார்க்கிறவர்களுக்கு விளம்பர இடைவேளையின் நீளத்தையாவது ஒன்றாக வையுங்கள். எதுவுமே ஆகாதென்றால், விளம்பரம் எந்த நிமிடத்தில் வரும் என்று திரைக்கு அடியிலுள்ள கோட்டில் புள்ளி வைத்துக் காட்டுங்கள். அந்த நிமிடத்தில் எல்லோரும் நிறுத்தி, எல்லோருக்கும் முடிந்த பிறகு மறுபடி எண்ணிக்கொள்கிறோம்.

வரும் சனிக்கிழமை பதினான்காம் பகுதி பார்க்கிறோம், இரவு ஒன்பது மணிக்கு. அதற்கு முன்னால் ஒரு பதில் வந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். தயவுசெய்து அதை ஒரு மனிதர் எழுதட்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை இரவுக் குழுவின் சார்பில்,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்