நாலு பாயிண்ட் பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்துப் பெண்கள் கூடைப்பந்து அணித் தேர்வில், 'ஆட்டத்துக்கு நாலே பாயிண்ட்' என்று சொல்லி ஒரு பிள்ளையைக் கழித்துவிட்டார்கள். பதினோரு வருடமாக ஸ்கோர் மேசையில் உட்காருகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் நிரப்பும் ஸ்கோர் ஷீட்டில் ஆட்டக்காரர் ஒவ்வொருவர் கணக்கிலும் பாயிண்டும் ஃபவுலும்தான் ஏறும். மாற்று ஆட்டக்காரர் முதல்முறை உள்ளே வந்தால் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. எப்போது வெளியே போனார் என்பதற்குக் கட்டமே இல்லை. அதனால் அந்தப் பிள்ளை ஆடிய ஓர் ஆட்டத்தில், தேயிலைக் கொழுந்து எடை எழுதும் பழைய நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டேன். அவள் களத்தில் இருந்த 22 நிமிடத்தில் எதிரணியைவிட எங்களுக்கு 9 பாயிண்ட் கூடுதல், பெஞ்சில் இருந்த 18 நிமிடத்தில் 11 குறைவு. இரண்டே பாயிண்டில் தோற்றோம்.

இதற்கு 'பிளஸ்-மைனஸ்' என்று பெயர். ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். கூட ஆடும் நால்வரின் திறமையும் அதில் கலந்திருக்கும். பத்து ஆட்டம் சேர்த்துப் பார்க்கலாமே? அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் ஷேன் பாட்டியரின் சராசரி ஆட்டத்துக்கு 8.6 பாயிண்ட்தான், 2012, 2013இல் மயாமி ஹீட் அணியோடு கோப்பை வாங்கினார். டென்னிஸ் ராட்மனுக்கு 7.3, ஆனால் ரீபவுண்டில், அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், தொடர்ந்து 7 சீசன் முதலிடம்.

எதிரணி உயரக்காரியைப் பந்து வாங்கவிடாமல் இவள் இடுப்பால் மறித்து நின்றாளே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தேர்வாளர்கள் கேட்டால் தருகிறேன்.

— ஓய்வுபெற்ற தேயிலை ஆலை எழுத்தர், கோத்தகிரி