பேக்கப் எடுத்தால் போதாது, திறந்து காட்டுங்கள்: திருப்பூர் தொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடைத் தொழில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஊரின் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஜாப் வொர்க் செய்யும் பட்டறைகளும், சில தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஏற்றுமதி ஆர்டர்களை முடித்துக் கொடுக்கும் யூனிட்டுகளும்தான் நான் அன்றாடம் போய்வரும் இடங்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலை இந்த நிறுவனங்கள் தாங்குமா என்பதைச் சங்கமே முன்நின்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அந்தச் சோதனை ஒரு படிவமாக மட்டும் இருந்துவிடக் கூடாது. பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் எழுதுவார்கள். அது பொய்யும் இல்லை. மாலையில் டேலி என்ற கணக்கு மென்பொருளை மூடும்போது பேக்கப் எடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் அது அதே கணினியின் டி டிரைவில் இருக்கும். இல்லாவிட்டால், வாங்கிய நாளிலிருந்து கழற்றாமல் செருகியே வைத்திருக்கும் பென் டிரைவில் இருக்கும். ரான்சம்வேர் உள்ளே நுழைந்தால் அந்தக் கணினியிலிருந்து எட்டுகிற எல்லாவற்றையும் பூட்டும்: டி டிரைவ், பென் டிரைவ், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மேசையோடு பகிர்ந்திருக்கும் ஃபோல்டர் என எதையும் விடாது. விண்டோஸ் தானாகச் சேமித்து வைக்கும் மீட்புப் பிரதிகளையும் பெரும்பாலும் அழித்துவிடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் கணினியை இந்த நிமிடமே எடுத்துப் போய்விட்டால், வேறொரு கணினியில் நேற்றைய கணக்கைத் திறந்து ஒரு டெலிவரி சலானும் ஓர் இன்வாய்ஸும் போட எவ்வளவு நேரம் ஆகும்? இதற்கு வாயால் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். நம்மிடம் ஆடை வாங்கும் பையரின் ஆடிட் வருகிறது என்றால் தீயணைப்பு ஒத்திகை நடத்தி, தொழிலாளர்கள் வெளியே வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வைக்கிறோம் அல்லவா? கணக்குக்கும் அப்படி ஓர் ஒத்திகை வேண்டும்.

எங்களிடம் என்ன இருக்கிறது, எங்களை யார் தாக்கப் போகிறார்கள் என்று முதலாளிகள் கேட்கிறார்கள். ஆள் பார்த்து வருவதாக நினைப்பதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. வீட்டிலிருந்து பில் போடுவதற்காகத் திறந்துவைத்த ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகளை, இணையம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தேடிக்கொண்டிருக்கின்றன. எளிய பாஸ்வேர்டு கிடைத்தால் போதும். உள்ளே இருப்பது பனியன் கம்பெனியா, வங்கியா என்று அவை முதலில் பார்ப்பதில்லை. 2023இல் பிரிட்டனில் கேஎன்பி என்ற லாரி நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். 158 ஆண்டுப் பழமை, ஏறத்தாழ 500 லாரிகள், சைபர் காப்பீடு எல்லாம் இருந்தன. ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்தார்கள் என்று கருதப்படுகிறது. பேக்கப் சர்வர்களும் சேர்ந்தே அழிந்தன. சில மாதங்களில் நிறுவனம் மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள்.

தப்பித்தவர்களின் கதையும் உண்டு. நம் சரக்கையும் சுமக்கும் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை 2017 ஜூனில் நாட்பெட்யா தாக்கியது. உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவிய நிரல் அது. பணம் கேட்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் அழிப்பதற்கென்றே எழுதப்பட்டது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமத்தின் முனையமும் அப்போது முடங்கியது. அந்த நிறுவனத்தின் வலையமைப்பில் யார் யாருக்கு அனுமதி என்ற விவரத்தை வைத்திருந்த முக்கிய சர்வர்கள் உலகம் முழுவதும் அழிந்தன, ஒன்றைத் தவிர. கானாவில் இருந்த அந்தச் சர்வர், தாக்குதல் நேரத்தில் மின்தடையால் இணைப்பில்லாமல் இருந்தது. அந்தப் பிரதியை வைத்துத்தான் மீண்டும் கட்டி எழுப்பினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குத் தற்செயலாக வாய்த்ததை, ஒரு சிறு யூனிட் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளைக் கொண்டு திட்டமிட்டே செய்துகொள்ளலாம். ஒன்று அலுவலகத்தில், ஒன்று முதலாளி வீட்டில். பேக்கப் எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கழற்றியே இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டால் போதும்.

“எல்லாம்தான் ஜிஎஸ்டி தளத்தில் இருக்கிறதே” என்ற தைரியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது பலரை ஏமாற்றுகிறது. நாம் பதிவேற்றிய விற்பனை விவரமும் இ-வே பில்லும் அங்கே இருக்கும், உண்மைதான். எந்தப் பிரிண்டிங் பட்டறையில் எத்தனை பீஸ் நிற்கிறது, சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணியில் எவ்வளவு திரும்பியது, எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறோம், பையர் கடைசியாகத் திருத்தி அனுப்பிய அளவு எது, கட்டிங் மார்க்கர் கோப்பு எங்கே? இவை எந்த அரசுத் தளத்திலும் இல்லை. பீஸ் ரேட் கணக்கு வைத்திருக்கும் எக்செல் கோப்பு வெள்ளிக்கிழமை பூட்டிக்கொண்டால், சனிக்கிழமைச் சம்பளத்தை எதை வைத்துப் போடுவது? கணினியையே தொடாத தையல்காரர்தான் முதலில் பாதிக்கப்படுவார். என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

இன்னொன்று. ஒரே கணினிப் பராமரிப்பாளர் பல யூனிட்டுகளைப் பார்த்துக்கொள்வது இங்கே வழக்கம். எல்லா இடத்திலும் அவர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் ஒரு யூனிட்டின் நோய் எல்லா யூனிட்டுக்கும் போகும். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற ஒரு தொழில்நுட்ப நிறுவனம் ரான்சம்வேரால் தாக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றச் சேவை தடைபட்டது. பராமரிப்பாளர்களையும் ஒத்திகைக்கு அழையுங்கள், குற்றவாளிகளாக அல்ல, பங்காளிகளாக.

தாக்குதல் நடந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். கணினி கெட்டுப்போனதும் ஃபார்மட் அடிப்பது இங்கே பழகிப்போன வைத்தியம். ரான்சம்வேரில் அதைச் செய்யவே கூடாது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க வேண்டும். வைஃபையை அணைக்க வேண்டும். பூட்டப்பட்ட டிஸ்க்கை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் பங்கேற்கும் ‘நோ மோர் ரான்சம்’ திட்டம் சில வகை ரான்சம்வேர்களுக்குத் திறவுகோல்களை இலவசமாகத் தருகிறது. டிஸ்க்கை அழித்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். பணம் கட்டினாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு சொல்கிறது. சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்ணும் இருக்கிறது. பையருக்குத் தெரிந்தால் ஆர்டர் போய்விடுமோ என்று அஞ்சி மூடி மறைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தயங்காமல் முதலில் பேசுவதற்குச் சங்கத்தில் ஒரு ஆள், ஒரு தொலைபேசி எண், பெயரை வெளியிட மாட்டோம் என்ற உறுதி வேண்டும்.

சங்க அலுவலகத்தில் இரண்டு காலிக் கணினிகள் போதும். உறுப்பினர் தன் ஹார்டு டிஸ்க்கோடு வரட்டும், கணக்கைத் திறக்கட்டும், மாதிரிக்கு ஒரு பில் போடட்டும். ஆன நேரத்தைக் குறித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். யாரையும் தரவரிசைப்படுத்த வேண்டாம். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே சரிசெய்து, மறுபடி வரச் சொல்லுங்கள். தீபாவளி போனஸ் கணக்கு தொடங்கும் முன் முதல் ஒத்திகையை நடத்த முடியுமா என்று அடுத்த செயற்குழுவில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உடனிருக்க நானும், என்னைப் போலக் கணக்கு எழுதும் நண்பர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம். இதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் ஒருவன்,
திருப்பூர்