பிரெஞ்சு ஹவுஸை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

லண்டனின் பழைய பப்கள் பற்றிய கட்டுரையில் சோஹோ டீன் தெருவின் ‘பிரெஞ்சு ஹவுஸ்’ இல்லாதது ஏமாற்றம். 1891இல் ஒரு ஜெர்மானியர் ‘யார்க் மின்ஸ்டர்’ என்ற பெயரில் தொடங்கிய கடை அது. 1914இல் பெல்ஜியரான விக்டர் பெர்லெமான் வாங்கினார். அப்புறம் அவர் மகன் காஸ்தோன். முறுக்கு மீசைக்காரரான அவர் 1989 ஜூலை 14, பிரெஞ்சு தேசிய தினத்தன்றுதான் ஓய்வுபெற்றார். பிரெஞ்சுத் தலைவர் டி கால், இரண்டாம் உலகப் போரின்போது ஆற்றிய தன் புகழ்பெற்ற வானொலி உரையை இங்கே எழுதினார் என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பெயர் மாறிய கதைதான் ருசியானது. 1984இல் அதே ‘யார்க் மின்ஸ்டர்’ பெயர் கொண்ட யார்க் நகரப் பேராலயம் தீப்பிடித்தபோது, சீரமைப்பு நன்கொடைகள் இந்தக் கடை முகவரிக்கு வந்து சேர்ந்தனவாம்! பீர் அரை பைன்ட் (சுமார் 284 மி.லி.) கிளாஸில்தான் தருவார்கள். டிவி, பாட்டு எதுவும் கிடையாது.

— ஒரு வாசகர், திருச்சி