கோடு வளைந்தது அச்சகத்தில் அல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு,

கடந்த ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், 'வயது போனால் பார்வை மங்குவது இயல்பு, கரட்டும் பொன்னாங்காணியும் சாப்பிட்டால் போதும்' என்று போட்டிருந்தீர்கள். மகள்தான் வாசித்துக் காட்டினாள். கரட் வியாபாரிகளுக்குச் சந்தோசமாக இருந்திருக்கும்.

அந்த 'இயல்பு' என்ற சொல்லை நம்பித்தான் என் இடக்கண் போனது. நாலு வருசத்துக்கு முன் உங்கள் குறுக்கெழுத்துக் கட்டங்களின் நடுக்கோடுகள் நெளிந்து தெரிந்தன. அச்சுப் பிழை என்று உங்களுக்குக் கடிதமே போட்டேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை. மரண அறிவித்தல் எழுத்துகள் வரவரச் சிறுத்துப் போகின்றன என்று எழுதியதும் வரவில்லை. செத்தவீட்டைத் தவறவிட்டு எட்டுச் செலவுக்குப் போய் நின்று பேச்சு வாங்கியவன் நான்.

கண்ணாடியை மாற்றினேன். 'வயசுக்கு இது சகஜம், ஐயா' என்றார் ஒரு டொக்டர். அதிலேயே ஏழு மாதம் போய்விட்டது. பிறகுதான் விழித்திரையின் நடுவிலுள்ள மக்யூலா பழுது, அதுவும் ஈரவகை என்று தெரிந்தது. வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகிற வகை. வேளைக்குப் போயிருந்தால் கண்ணுக்குள் ஊசி போட்டுக் கசிவை அடக்கியிருக்கலாம். தழும்பு விழுந்த பிறகு ஊசி என்ன செய்யும்? வலக்கண்ணில் உலர்வகை, மெல்ல மெல்ல அரிக்கிறது. படலை தெரிகிறது, படலையில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. ஊரில், 'போஸ்ட்மாஸ்டர் கண்டும் காணாத மாதிரிப் போகிறார்' என்று கதை.

நாற்பது வருசம் சுருட்டுப் பத்தியவன் நான். புகை இந்த நோயைக் கூட்டும் என்பது கண் வைத்தியர்கள் எல்லோரும் சொல்வது, உங்களுக்கும் தெரியாமல் இருக்காது. யாழ்ப்பாணத்தில் அச்சாகிற பத்திரிகையில், முழுப்பக்கக் கட்டுரையில், சுருட்டைப் பற்றி ஒரு வரி இல்லை!

சரி, கேட்பது இதுதான். வைத்தியர் இப்போது வீட்டில் பார்க்கச் சொல்லித் தந்திருப்பதும் ஒரு கட்டத்தாள்தான், நடுவில் ஒரு புள்ளி. அம்ஸ்லர் கட்டம் என்பார்கள். வாசிக்கிற கண்ணாடியைப் போட்டு, ஒரு கண்ணைப் பொத்தி, மற்றக் கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும். இரண்டையும் திறந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கோடு நெளிந்தாலோ நடுவில் இருட்டடித்தாலோ உடனே கண் கிளினிக்குக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை அந்தக் கட்டத்தைக் குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். இடமில்லை என்றால் இராசிபலனில் ஒரு இராசியைக் குறையுங்கள். என்னுடையது கன்னி, அதையே எடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
கொக்குவில்.
(மகள் கையால் எழுதியது)